விவிலியம் படிக்கிற பிள்ளைகளுக்கு மாயக் கதை ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் இளையோர் என்னென்ன நாவல்கள் படிக்கலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பட்டியல் வந்திருந்தது. நல்ல பட்டியல்தான், குறை சொல்ல வரவில்லை. சோழர் காலம் இருந்தது, பாண்டியர் காலம் இருந்தது, பேயும் பூதமும் உள்ள கதைகளும் இருந்தன. ஆனால் நான் தூத்துக்குடிக் கடலோரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள். பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் என் வகுப்பில் உட்காருகிறார்கள். அவர்களுடைய ஊர், அவர்களுடைய கோயில், அவர்களுடைய முன்னோர் நம்பியது, பயந்தது, சண்டை போட்டது, இதையெல்லாம் வைத்து வரலாறும் மாயமும் கலந்து எழுதிய ஒரு தமிழ் நாவலை அவர்கள் கையில் கொடுக்க நான் தேடிய இடத்தில் எல்லாம் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது புனிதர் வரலாற்றுச் சிறுபுத்தகங்கள். அவற்றில் புனிதர் தொட்டிலிலேயே புனிதராக இருப்பார், ஒருநாளும் கோபப்பட மாட்டார், எதற்கும் குழம்ப மாட்டார். பதினைந்து வயதுப் பிள்ளை அதை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் ஆங்கில நாவல்களுக்குப் போய்விடுகிறார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னால் உடனே வருகிற கேள்வி ஒன்று உண்டு. மாயம், மந்திரம், பேசும் மிருகம் இதெல்லாம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எதற்கு, வேதத்திலேயே சூனியம் பார்க்கக்கூடாது என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இணைச்சட்டம் பதினெட்டாம் அதிகாரத்தில் தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன், அது பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில் வருகிறது. ஆனால் அதே விவிலியத்தில் பிலயாமின் கழுதை வாயைத் திறந்து பேசுகிறது. சவுல் அரசன் இரவில் வேடம் மாற்றிக்கொண்டு ஏந்தோரில் குறி சொல்லும் பெண்ணைத் தேடிப் போகிறான். சூளைக்குள் மூன்று பேரைப் போட்டால் நெருப்பில் நான்கு பேர் உலாவுகிறார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, கதையில் நடக்கிற மாயத்துக்கும் வீட்டில் தகடு வைக்கிற வேலைக்கும் வித்தியாசம் தெரியும்.

அதற்கும் மேலே, கத்தோலிக்கரான நமக்குத் தோபித்து நூல் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் சகோதரர்களின் வேதாகமத்தில் அது இல்லை, அதனால் அவர்களில் பலர் படித்திருக்க மாட்டார்கள். நம்மவர்களிலும் திருமணப் பூசை வாசகத்தில் கேட்டதோடு சரி. தயவுசெய்து ஒரு நாள் மாலை உட்கார்ந்து முழுவதும் படித்துப் பாருங்கள், பதினான்கு அதிகாரம்தான். அசீரியர்கள் பிடித்துக்கொண்டு போன மக்கள் நினிவேயில் அகதிகளாக வாழ்கிறார்கள். கொல்லப்பட்டுத் தெருவில் கிடக்கும் தன் மக்களை அரசனுக்குத் தெரியாமல் அடக்கம் செய்கிறவர் தோபித்து. அப்படி ஒருவரை அடக்கம் செய்த இரவில் முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தவரின் கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை போகிறது. எவ்வளவு நல்லது செய்தவருக்கு எவ்வளவு அற்பமான காரணத்தால் கண் போகிறது பாருங்கள், இந்த இடத்திலேயே என் வகுப்புப் பிள்ளைகள் கோபப்படுவார்கள். மகன் தோபியா தூர தேசத்தில் கொடுத்து வைத்த பணத்தை வாங்கிவரக் கிளம்புகிறான். வழித்துணைக்கு வந்தவர் யாரென்று அவனுக்குத் தெரியாது, அவர் இரபேல் என்ற வானதூதர். கூடவே நாயும் போகிறது. திக்ரீசு ஆற்றில் கால் கழுவ இறங்கினால் பெரிய மீன் ஒன்று காலைப் பிடிக்கப் பாய்கிறது. அதைப் பிடித்து ஈரலையும் இதயத்தையும் பித்தப்பையையும் எடுத்து வைத்துக்கொள் என்கிறார் வழித்துணைவர்.

இன்னொரு பக்கம் எக்பத்தானாவில் சாரா என்று ஒரு பெண். அவளுக்கு ஏழு தடவை கல்யாணம் நடந்தது, ஏழு மாப்பிள்ளைகளையும் முதலிரவிலேயே அசுமதேயு என்ற பேய் கொன்றுவிட்டது. வேலைக்காரிகூட அவளைத்தான் கொலைகாரி என்கிறாள். செத்துவிடலாமா என்று நினைத்து மாடிக்குப் போனவள், வயதான அப்பாவுக்கு என்ன அவமானம் வரும் என்று யோசித்து, சன்னல் பக்கம் திரும்பிக் கடவுளிடம் அழுகிறாள். தோபியா அவளைக் கட்டிக்கொள்கிற அன்று ராத்திரி, இவனும் செத்திருப்பான் என்று மாமனார் விடியும் முன்பே குழி வெட்டி வைக்கிறார், உயிரோடு இருப்பது தெரிந்ததும் ஊர் பார்ப்பதற்கு முன்னால் மூடச் சொல்கிறார். சரி, இது என்ன? பழைய காலம், பயணம், பேய், தூதர், நாய், கல்யாணம், பயம், ஜெபம், எல்லாம் இருக்கிறது. நினிவேயில் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நூல் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதாவது, எழுதியவருக்கே அது பழங்காலக் கதை. 1952-ல் சாக்கடல் ஓரத்தில் உள்ள கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த ஏடுகளில் இதன் அரமேய, எபிரேயத் துண்டுகள் இருந்தன, அவ்வளவு பழைய வாசகர்கள் இதை விரும்பிப் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். விசுவாசமும் வரலாறும் மாயமும் கலந்த இளையோர் கதை மேற்கத்தியச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இந்த நூல்தான்.

மேற்கில் எழுதியவர்களிடமும் கற்றுக்கொள்ள இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இடைக்கால இலக்கியம் கற்பித்தவர், நடுவில் கடவுள் நம்பிக்கை இல்லாதவராக இருந்து 1931-ல் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவத்தைப் புகட்ட ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் கதை கட்டுவோம் என்று அவர் உட்காரவில்லை. பதினாறு வயதிலிருந்து அவர் மனதில் ஒரு படம் இருந்தது. பனி விழுகிற காட்டில், பாதி ஆடும் பாதி மனிதனுமான ஒருவன், குடையும் பொட்டலங்களுமாக நடந்து போகிறான். அந்தப் படத்திலிருந்துதான் கதை வந்தது, அந்தக் கதைகளில் கிறிஸ்துவைப்போல் நிற்கிற அஸ்லான் என்ற சிங்கம் பிற்பாடு உள்ளே வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். 1950-ல் வந்த அந்த முதல் புத்தகத்தில், குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டனிலிருந்து கிராமத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். அது கற்பனை இல்லை. 1939 செப்டம்பர் முதல் தேதி தொடங்கி சில நாட்களுக்குள் ஏறக்குறைய பதினைந்து லட்சம் பேரை, பெரும்பாலும் பிள்ளைகளை, பிரிட்டன் நகரங்களிலிருந்து வெளியே அனுப்பினார்கள். லூயிஸ் வீட்டிலேயே அப்படி வந்த பிள்ளைகள் தங்கினார்கள். அம்மா அப்பாவைப் பிரிந்து, தெரியாத வீட்டில், மழை பெய்கிற நாளில், நார்னியா என்ற மாய தேசத்துக்கு வழிவிடும் ஒரு அலமாரியைத் திறக்கிற பிள்ளையின் மனசு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், மாயம் அங்கேதான் வேர் பிடிக்கிறது.

1955-ல் வந்த இன்னொரு பாகத்தில் டிகரி என்ற பையனின் அம்மா சாகக் கிடக்கிறார். எதையாவது கொடுத்து அம்மாவைக் குணமாக்க முடியுமா என்று அந்தப் பையன் சிங்கத்திடம் கேட்கும்போது நிமிர்ந்து பார்க்கிறான், சிங்கத்தின் கண்ணில் அவனுடைய கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர் நிற்கிறது. லூயிஸின் அம்மா அவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது புற்றுநோயில் இறந்தவர். கதையில் அம்மா பிழைத்துவிடுகிறார், வாழ்க்கையில் பிழைக்கவில்லை. கடவுள் நம்மோடு சேர்ந்து அழுகிறார் என்று நான் எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு காட்சியைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது அம்மாவை இழந்த ஒரு பிள்ளை வகுப்பு முடிந்த பிறகும் எழுந்து போகவில்லை.

அதே சமயம் நார்னியாவையே நம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. 1954-ல் வந்த பாகத்தில் கலோர்மென் என்று ஒரு தேசம் வருகிறது. கறுத்த முகம், தலைப்பாகை, அடிமை வியாபாரம், கொடூரமான கடவுள். நல்லவர்கள் வெள்ளைத் தோலோடு வடக்கே இருக்கிறார்கள். அந்தத் தேசத்திலும் அராவிஸ் என்ற துணிச்சலான பெண்ணை அவர் படைத்தார், கடைசிப் பாகத்தில் அங்கிருந்து வந்த நேர்மையான போர்வீரன் ஒருவனைச் சிங்கமே ஏற்றுக்கொள்கிறது, இதை மறைக்கக்கூடாது. இருந்தாலும் நம் பிள்ளை தன் முகத்தை அந்தக் கதையில் தேடினால் எதிரியின் ஊரில்தான் அது கிடைக்கிறது. நமக்கென்று நாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்காவில் மெடலின் லெங்கிள் 1986-ல் நோவாவின் காலத்தை வைத்து ‘மெனி வாட்டர்ஸ்’ என்று ஒரு நாவல் எழுதினார். இக்காலத்து இரட்டைப் பையன்கள் இரண்டு பேர் வெள்ளத்துக்கு முந்தைய பாலைவனத்தில் போய் விழுகிறார்கள். நோவாவுக்கு யாலித் என்று ஒரு மகள் இருப்பதாகக் கதை. பையன்களுக்கு விவிலியக் கதை தெரியும், வெள்ளத்துக்குத் தப்ப நோவாவின் கப்பலான பேழையில் ஏறினவர்கள் யார் யார் என்றும் தெரியும், அந்தப் பட்டியலில் மகள் கிடையாது. அவளோடு பழகப் பழக, இவளுக்கு இடம் இல்லையே என்ற வேதனை அவர்களை அரிக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் பேழைக் கதை சொல்லும்போது ஏதாவது ஒரு பெண்பிள்ளை கண்டிப்பாகக் கேட்கும், மற்றவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் டீச்சர், சின்னப் பிள்ளைகளுமா மூழ்கினார்கள் என்று. பெரும்பாலும் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். லெங்கிள் அந்தக் கேள்வியின் மேலேயே ஒரு முழு நாவலைக் கட்டினார். அவர் நியூயார்க்கில் ஒரு பேராலயத்தின் நூலகத்தில் பல வருடம் பணியாற்றிய விசுவாசி. அவருடைய வேறொரு நாவலைக் கிறிஸ்தவர்களே பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லிப் போராடினார்கள் என்பதும் உண்மை. கேள்விக்கு இடம் கொடுக்கிற புத்தகத்துக்கு எல்லா ஊரிலும் இந்தக் கதிதான், அதற்காக எழுதுகிறவர்கள் நின்றுவிடவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஆடம் கிட்விட்ஸ் 2016-ல் எழுதிய ‘தி இன்க்விசிட்டர்ஸ் டேல்’. எழுதியவர் யூதர், கதை நடப்பது 1242-ன் பிரான்சில், கிறிஸ்தவ உலகத்தின் நட்டநடுவில். காட்சிகள் காணும் ஒரு குடியானவச் சிறுமி, மடத்தில் வளர்ந்த பலசாலிப் பையன், காயங்களை ஆற்றும் யூதச் சிறுவன், செத்துப் பிழைத்த ஒரு நாய். இவர்கள் போய்ச் சேருகிற இடம் பாரிஸ், அங்கே யூதர்களின் தல்மூத் என்ற சமயச் சட்ட நூல்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அது உண்மையில் நடந்தது. அப்போது ஆண்ட அரசர் ஒன்பதாம் லூயி, 1297-ல் நம் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஒரு புனிதரின் ஆட்சியில் புத்தகங்கள் எரிந்தன என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கிட்விட்ஸ் சொல்லியிருக்கிறார், புனிதர்மேல் சேற்றை வாரி வீசாமலும், எரிந்ததை மறைக்காமலும். அற்புதம் செய்யும் பிள்ளைகள் அந்தத் தீயின் முன்னால் நிற்கும்போது, கடவுள் ஏன் இதை நிறுத்தவில்லை என்ற கேள்வி வாசிக்கிற பிள்ளைக்குள்ளும் எழுகிறது.

இனி நம் கரைக்கு வருகிறேன்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டார் என்பதும் தெரியும். 1544 சனவரியில் அவர் உரோமையிலுள்ள தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். நோயாளிகள் வீட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு வந்தது, ஒரு ஆளாக எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை, ஆகவே ஜெபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினேன், அவர்கள் போய்ச் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி விசுவாச அறிக்கையைச் சொன்னார்கள், பலர் குணமானார்கள் என்று எழுதுகிறார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தைகளோடு, சாகக் கிடக்கிறவர் வீட்டு வாசலில் நிற்கிறது. உள்ளே போக வேண்டும். சொன்னதும் அவர் எழுந்தால் என்ன, எழாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? இதற்குமேல் ஒரு நாவலுக்கு என்ன ஆரம்பம் வேண்டும்?

ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டார் வைத்து வணங்கிய மண் சிலைகளை அந்தப் பிள்ளைகளே உடைத்தார்கள், மிதித்தார்கள், துப்பினார்கள் என்றும் சவேரியார் எழுதுகிறார், மகிழ்ச்சியோடுதான் எழுதுகிறார். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டில் இந்து நண்பர்கள் இருக்கிறார்கள், கோயில் கொடைக்குப் போய்ப் பாயசம் சாப்பிடுகிறார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் நம் மாதா சப்பரத்துக்கு மாலை கொண்டுவருகிறார்கள். நாவல் எழுதுகிறவர் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டால் அது பொய். தன் பாட்டி கும்பிட்ட சிலையை உடைத்த பையன் அன்று ராத்திரி பாட்டி பக்கத்தில் எப்படிப் படுத்தான்? அந்த இடத்தைத் தாண்டாமல் நின்று எழுதுகிறவர்தான் எனக்கு வேண்டும். அவர் கிறிஸ்தவராக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அதே 1544-ல் வடுகர் என்ற தெலுங்குப் படை வந்து அடித்தபோது மக்கள் குமரிமுனைப் பாறைகளுக்குத் தப்பி ஓடி, அங்கே சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு கிளம்பினார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் போக முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று, பிற்பாடு நடந்தே போனார். புனிதர் கை உயர்த்தினார், காற்று நின்றது என்று நம்மூர்ச் சிறுபுத்தகம் எழுதிவிடும். அவர் கடிதத்தில் காற்று நிற்கவில்லை. கிறிஸ்தவ மாயக் கதை எழுதப் போகிறவருக்கு நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது இது. காற்று நிற்காத நாளையும் எழுதுங்கள். பாறையில் காத்திருந்த ஒரு பெண்பிள்ளைக்கு அன்று என்ன தெரிந்தது, யார் வந்தார், கடல் என்ன சொன்னது, அதில் உங்கள் கற்பனையை விடுங்கள்.

மாயத்துக்கு விதி வேண்டும், இல்லாவிட்டால் கதை தொளதொளத்துவிடும். அதற்கும் நம் கடலே கொடுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துச் சலாபத்தில் குளிக்கிறவர்களைப் பெரிய மீன்கள் தாக்காதபடி மந்திரம் போட்டுக் கட்டுகிறவர்கள் இருந்தார்கள் என்றும், கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டு பகலுக்கு மட்டும்தான். இரவானால் அவிழ்த்துவிடுவார்களாம், அப்புறம் மீன் தன் இஷ்டத்துக்கு இருக்கலாம். பகலில் காப்பாற்றுகிற மந்திரம், இரவில் கடல் மறுபடியும் கடல். இதோடு புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய ஒரு குளியாளிப் பையனை வையுங்கள். அவன் இனி மந்திரக்காரருக்குப் பங்கு கொடுக்கலாமா, கொடுக்காமல் இறங்கினால் சுறா விடுமா, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு இறங்கியவனும் கீழே பயப்படுவானா? 1535-37 வாக்கில் இந்தக் கரை முழுவதும் பரவர்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்ற காலத்தில், போர்த்துக்கீசியரின் பாதுகாப்புக்காகவும் சேர்த்துத்தான் அது நடந்தது என்று வரலாறு சொல்கிறது. விசுவாசம் எங்கே, பிழைப்பு எங்கே என்று பிரிக்க முடியாத இடம் அது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் நன்றாகவே புரியும்.

ஓரியூர் இன்னொரு களம். ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் 1647-ல் லிஸ்பனில் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்த பையன். இங்கே வந்து காவி கட்டிப் பண்டார சாமியாக மறவர் சீமையில் நடந்தவர். அந்தச் சீமையின் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவு, அவர் போய் முறையிட்டார், அதன் முடிவில் 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தர் வெட்டப்பட்டார். திருவிழாவில் நாடகம் போடும்போது அந்தப் பெண்ணை வில்லியாக நிறுத்துவார்கள். நான் அவர் பக்கம் நின்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் செய்த தப்பு என்ன? ஒரு காலையில் புருஷன் சாமி மாறினார், இவருக்கு வீடு இல்லாமல் போனது. அந்தப் பெண்ணின் கண்ணால் சொல்லப்பட்ட ஒரு நாவல், அருளானந்தர் மேல் உள்ள பக்தியைக் குறைக்காமலே, அங்கே சிவந்து கிடக்கும் மண் அவர் இரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்புவதையும் சேர்த்துக்கொண்டு வந்தால், என் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதை ஒரே ராத்திரியில் படித்து முடிப்பார்கள்.

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வீரமாமுனிவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரை வளன் என்று நாயகனாக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். தாவீது, கோலியாத்து சண்டையும் அதில் வருகிறது, வானோரும் பேய்களும் வருகிறார்கள். கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட ஆங்கிலப் பயணக் கதையை எடுத்துக் கம்பனின் நடையில் இரட்சணிய யாத்திரிகம் ஆக்கினார், அது 1894-ல் நூலாக வந்தது. இரண்டும் பள்ளிப் பாடநூலில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை மனப்பாடப் பாடலாக, சொல்லும் பொருளுமாக, இலக்கணக் குறிப்பாகத் தெரியும், கதையாகத் தெரியாது. செய்யுளில் அவ்வளவு துணிந்தவர்கள் நாம், உரைநடையில் ஏன் சின்னப் புத்தகத்தோடு நின்றுவிட்டோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும் சில வேண்டுகோள். ஒவ்வொரு அதிகாரத்தின் முடிவிலும் கேள்வி பதில் போடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் நீதியும் வேண்டாம். பாதிரியார்கள் எல்லாரையும் நல்லவர்களாகவும் மாற்று மதத்தார் எல்லாரையும் இருட்டிலும் வைக்காதீர்கள், பிள்ளைகள் அதை நம்ப மாட்டார்கள். சாதியை மறைக்காதீர்கள், ஒரே கோயிலுக்குள் தனித்தனியாக உட்கார வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தப் புத்தகத்தைப் படிப்பார்கள். தோணி, காற்று, சலாபம் பற்றி எழுதுவதற்கு முன்னால் கடலில் போகிறவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், நீரோட்டம் தப்பாக இருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். விலை, ஒரு பிள்ளை திருவிழாக் காசில் வாங்குகிற அளவில் இருக்கட்டும். மறைமாவட்ட அச்சகங்களும் வெளியீட்டு நிலையங்களும் ஜெபப் புத்தகத்துக்கு ஒதுக்கும் தாளில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தால் போதும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இரட்சணிய யாத்திரிகமே முதலில் மாத இதழில் தொடராக வந்த நூல். உங்கள் ஞாயிறு இணைப்பில் இளையோருக்கு ஒரு தொடர்கதைப் பக்கம் ஒதுக்கி, இப்படி ஒரு நாவலை எழுதச் சொல்லி எழுத்தாளர்களை அழையுங்கள். இது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்க வேண்டாம், சோழர் கதையை எங்கள் பிள்ளைகள் படிக்கவில்லையா? எங்கள் பங்கு நூலகத்துக்கு உங்கள் நாளிதழ் வருகிறது, வாராவாரம் அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டிப் புத்தகமாகக் கட்டி வைக்கும் பொறுப்பை என் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை,
தூத்துக்குடி மாவட்டம்.